கச்சான் காற்றும் கூரைக் காவலும்

வைகாசித் திங்களிலே மட்டக்களப்பு நாடெங்கும் கண்ணகியம்மன் கோவில்களின் கதவுகள் திறக்கப்படுகின்றன. ஆரையம்பதியிலும் செட்டிபாளையத்திலும் பிற ஊர்களிலும் குளிர்த்தி பாடப்பெறுகின்றது. மதுரையை எரித்த சீற்றம் தணியாத அன்னையைக் குளிர்விப்பதே அச்சடங்கின் கருத்தாகும். அஃது எக்காலத்தில் நிகழ்கின்றது என்பதை மாணாக்கர் நோக்குதல் வேண்டும். அதனை அடுத்து வரும் ஆனி, ஆடித் திங்கள்களிலேதான் நம் நாட்டிற் கச்சான் கடுமை கொள்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சாரலிலே பொழிந்து, ஈரம் இழந்து, மலையிறங்குங்கால் வெம்மை மிகுந்து, படுவான்கரையின் வயல்களையும் புற்றரைகளையும் கடந்து வாவிக்கரையை அடைகின்றது. அப்பொழுது இலுக்குப் புல்லும் வைக்கோலும் சருகும் ஒரு சுருட்டுத் துண்டினாலேயே பற்றிக்கொள்ளும் நிலையிற் கிடக்கின்றன.

அழல், கங்கு, பொறி என்னும் சொற்களை நாம் வேறுபாடின்றி வழங்குகின்றோம். அழல் எழுவது, கங்கு கிடப்பது, பொறி பறப்பது. காட்டுத்தீ என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது அழலே. வீடுகளைப் பெரிதும் அழிப்பதோ பொறியாகும்.

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள பரடைஸ் என்னும் ஊர் 2018 நவம்பர் 8 ஆம் நாள் காட்டுத்தீக்கு இரையாயிற்று. அத்தீயில் 85 பேர் மாண்டனர். 18,000 க்கு மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. சாம்பலாகிய வீடுகளின் அருகே பச்சை மாறாத மரங்கள் பல நின்றன. அழல் அலைபோல் வந்து வீட்டை விழுங்கியிருப்பின், மரம் எங்ஙனம் தப்பியது? காற்றிற் பறந்த பொறிகள் கூரையோரச் சருகிலும் சுவரடியிற் கிடந்த பொருள்களிலும் வீழ்ந்து பற்றின. பற்றிய வீடு அயல்வீட்டைப் பற்றவைத்தது. அம்மாநிலத்துச் சட்டம் காட்டோரத்து வீட்டைச் சுற்றி 100 அடிவரை காய்ந்த புல் பூண்டுகளைக் களையச் சொல்கின்றது. அவற்றுள் முதல் 30 அடிக்குக் கட்டுப்பாடு மிகுதி. சுவரை ஒட்டிய முதல் 5 அடியில் எரியக்கூடிய பொருள் எதுவும் இருத்தலாகாது என்னும் கோட்பாடு 2020 ஆம் ஆண்டிற் சட்டத்திற் சேர்ந்தது.

இவ்வைந்தடி நமக்குப் புதிதன்று. வெண்மணல் பரப்பி, நாள்தோறும் பெருக்கி வைத்த முற்றம் நம் முன்னோர் வீட்டைச் சூழ்ந்திருந்தது. மணலிற் பொறி வீழ்ந்தால் அவிந்துபோம். இன்றோ விறகையும் பொச்சுமட்டையையும் பன்னாடையையும் மழை நனைக்காதபடி சுவரோடு சார்த்தி, இறப்பின் கீழ் அடுக்கி வைக்கின்றோம். மாரியில் அது சரியே. கச்சான் தொடங்குமுன் அவ்வடுக்கினை வளவின் கோடிக்கு மாற்றிவிடல் வேண்டும். கிடுகு வேலியைச் சுவரோடு முட்டக் கட்டுவதும் தவறு. அவ்வேலி வீட்டிற்கு இட்ட திரியாகிவிடும். கிளுவையோ பூவரசோ நட்ட உயிர்வேலி அதனினும் நன்று. அதன் அடியிற் சருகு சேரவிடாதிருத்தல் வேண்டும்.

அடுக்களையை அக்கினி மூலையாகிய தென்கிழக்கில் அமைப்பது மரபு. மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ கச்சான் வீசுங்கால், அம்மூலையிலிருந்து எழும் பொறி பெரும்பாலும் மனையின் மேற் செல்லாது கிழக்கு நோக்கிப் போம். முன்னோர் இதனைக் கருதித்தான் வகுத்தனர் என்று சாதிக்க நான் முன்வரேன். ஆயினும், தென்மேற்கு மூலையில் ஓலைக் கொட்டிலிட்டு அடுப்பு மூட்டுவோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

இனிக் கூரை. ஓடு எரியாதது, எனினும் ஓட்டின் கீழ் எலியும் குருவியும் சேர்த்த வைக்கோல் எரியும். இறப்பின் இடைவெளிகளை எட்டிலொரு அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலையால் அடைத்தல் தக்கது. கிடுகுக் கூரையை நான் இகழ்பவன் அல்லேன். தகரக் கொட்டிலில் நண்பகலில் இலக்கணம் கற்பித்தவர்க்கே கிடுகின் அருமை தெரியும். ஆயினும் பிள்ளைகள் கூடியிருக்குமிடத்தில் அக்குளிர்ச்சிக்கு இடங்கொடுத்தல் ஆகாது.

2004 யூலை 16 ஆம் நாள், தமிழ்நாட்டுக் கும்பகோணத்தில் ஒரு பாடசாலையின் சமையற்கட்டிலே தீ மூண்டது. அங்கிருந்து வகுப்பறைகளின் மேலிருந்த கீற்றுக் கூரைக்கு அது தாவிற்று. எரிந்த கூரையும் மூங்கிலும் மேல்மாடியில் இருந்த சிறுவர்மீது சரிந்தன. இறங்குவதற்குரிய வழியோ ஒடுக்கமானது. 94 குழந்தைகள் மாண்டனர். அங்கே காடு இல்லை, காட்டுத்தீயும் இல்லை. அடுப்பும், கீற்றும், நெருக்கமான வழியுமே இருந்தன. அதன்பின்னரே பாடசாலைகளின் கீற்றுக் கூரைகளை அகற்றுமாறு அந்நாட்டரசு ஆணையிட்டது.

நம் பழைய மாணவருள் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருப்போர் பலர். தத்தம் ஊர்ப் பாடசாலையின் சமையற் கொட்டிலை அவர்கள் சித்திரை விடுமுறையில் ஒருமுறை சென்று பார்ப்பாராக. அடுப்புக்கு மேலிருப்பது ஓலையா, தகரமா? அக்கொட்டிலுக்கும் வகுப்பறைக்கும் இடையே எத்தனை அடி? அவ்விடைவெளியிற் கிடப்பது மணலா, சருகா? வகுப்பறையின் பின்கதவு திறக்கின்றதா, அன்றி உடைந்த வாங்குகளை அடுக்கி அதனை அடைத்து வைத்திருக்கின்றனரா?