தங்கம் மட்டும் ஏன் அடித்துச் செல்லப்படுவதில்லை?

டிஸ்கவரி அலைவரிசையில் 2010-இல் தொடங்கிய 'கோல்ட் ரஷ்' தொடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் பல பருவங்கள் கனடாவின் குளோன்டைக் பகுதியில் எடுக்கப்பட்டவை. 1896-இல் பொனான்சா ஓடையில் தங்கம் கிடைத்ததாகச் செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் ஓடி வந்த அதே இடம். குளிர்காலத்தில் நீர் உறைவதற்குள் எந்தக் குழு அதிக அவுன்ஸ் எடுக்கிறது என்பதே போட்டி. இதில் ஒரு வேடிக்கை: பார்க்கர் ஷ்னாபல் சில பருவங்களில் தோண்டியது, போட்டியாளர் டோனி பீட்ஸின் நிலத்தில். எடுத்த தங்கத்தில் ஒரு பங்கை அவருக்கே கொடுக்க வேண்டும்!

திரையில் சண்டையும் பழுதான இயந்திரங்களும்தான் அதிகம். ஆனால், தோண்டிய மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிப்பது சாய்வான ஒரு நீர்த்தொட்டி. அதன் பெயர் ஸ்லூஸ்.

மாணவர்களே, 1 கன சென்டிமீட்டர் தங்கத்தின் நிறை 19.3 கிராம். அதே அளவு குவார்ட்ஸ் மணல் 2.65 கிராம்தான். ஏறக்குறைய 7 மடங்கு வேறுபாடு. இரண்டையும் நீரில் மூழ்கடித்தால்? ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி, ஒவ்வொன்றும் இடம்பெயர்க்கும் 1 கிராம் நீரின் எடை அளவுக்கு மேலுதைப்பு கிடைக்கும். அதைக் கழித்தால் 18.3, 1.65. வேறுபாடு 11 மடங்காகிவிடுகிறது! நீர் இங்கே மண்ணைக் கழுவ மட்டும் பயன்படவில்லை.

தொட்டியின் அடியில் குறுக்குச் சட்டங்களும் சொரசொரப்பான பாயும் இருக்கும். சட்டத்தைத் தாண்டும் நீர் அதன் பின்னே சுழலும். மணல் மேலெழுந்து ஓடிவிடும். தங்கம் பாயில் சிக்கும்.

நீரோட்டம் மெதுவானால் சட்டங்களுக்கிடையே மணல் அடைத்துக்கொள்ளும். தங்கம் அதன்மேல் வழுக்கிப் போகும். வேகம் கூடினால் பொடித் தங்கம் போய்விடும். துகளின் விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகக் குறையும். நீர் தள்ளும் பரப்போ நான்கில் ஒன்றாகத்தான் குறையும். எனவே சிறிய துகளை நீர் எளிதில் இழுத்துச் செல்லும். போட்டியாளரை முந்தும் அவசரத்தில் மண்ணை அள்ளிக் கொட்டும் குழு, தன் தங்கத்தையே கழிவு மேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். வெளியேறும் மண்ணை அவ்வப்போது தட்டில் அலசிப் பார்ப்பது இதற்காகத்தான்.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களில் இருந்த 'பாலோங்' என்ற நீண்ட மரத்தொட்டியும் இதே வேலையைத்தான் செய்தது. ஈயத் தாதுவின் அடர்த்தி ஏறக்குறைய 7. நீருக்குள் அது மணலைவிட எத்தனை மடங்கு கனம்? கணக்கிட்டுப் பாருங்கள்.