பாவித்த கமரா லென்ஸ் வாங்கலாமா?

பிரித்தானியாவில் தஞ்சம் கோரியிருக்கும் தம்பி ஒருவர் எங்களிடம் கேட்டார்: "அண்ணை, பாவிச்ச கமரா விக்கிற கடையில ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸ் கிடக்கு. 40 பவுண். உள்ளுக்குள்ள ஏதோ தெரியுது. வாங்கலாமோ?"

ஊரில் கலியாண வீடுகளில் படம் எடுத்தவர் அவர். உதவிப்பணத்தில் சமைத்துச் சாப்பிடும் ஒருவருக்கு 40 பவுண் கிட்டத்தட்ட ஒரு கிழமைச் செலவு. சாப்பாட்டுடன் ஹோட்டலில் இருப்பவருக்கோ பல கிழமைப் பணம். ஆகவே காசு கொடுக்க முன் இவற்றைப் பாருங்கோ.

1. பொருந்துமா?
உங்கள் கமராவைக் கையோடு கொண்டுபோங்கள். கனன் லென்ஸ் நிக்கொன் கமராவில் ஏறாது. நிக்கொன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் போகஸ் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாத பழைய லென்ஸைப் பூட்டினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும்.

2. வெளிச்சம் அடித்துப் பாருங்கள்
இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கம் போன் ரோச்சை அடித்து, மறுபக்கத்தால் சற்றுச் சரித்துப் பாருங்கள். லென்ஸ் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்க வேண்டாம்.

பரவாயில்லாத குறைகள்: உள்ளே சில தூசித் துகள்கள், வெளி உடம்பில் உரசல், முன் கண்ணாடியில் சிறு கீறல். இவை படத்தில் பெரிதாகத் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் கீறல் தொந்தரவு தரலாம். இவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

விட்டுவிட வேண்டிய குறைகள்: சிலந்தி வலை போன்ற பூஞ்சணம், புகை படிந்த மாதிரியான மங்கல், பின் கண்ணாடியில் ஆழமான கீறல், எண்ணெய் பட்டு ஒட்டும் உள் இதழ்கள், இறுகிப்போன போகஸ் வளையம். திருத்தும் கூலி லென்ஸின் விலையை விடக் கூடிவிடும்.

3. படம் எடுத்துப் பாருங்கள்
சுவரில் ஒட்டிய ஒரு விளம்பரத்தை நேரே நின்று எடுத்து, திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கலாம்.

4. உங்கள் உரிமை
2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பாவித்த பொருளுக்கும் உண்டு. கடையில் நேரில் வாங்கியது பழுதென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்கலாம். ஆனால் வாங்க முன்னரே கடைக்காரர் சொல்லிவிட்ட குறைக்காகக் கேட்க முடியாது. தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. பற்றுச்சீட்டு இல்லாமல் தெருவில் வாங்காதீர்கள். திருட்டுச் சாமான் என்றால் பொருளும் போகும், பொலிஸ் விசாரணையும் வரும்.

கடையில் கேட்க: "ஆர் தேர் எனி ஃபோல்ட்ஸ்?" (ஏதும் பழுது இருக்கிறதா?) "கேன் ஐ ட்ரை இற்?" (பரீட்சித்துப் பார்க்கலாமா?) "கேன் ஐ ஹாவ் எ ரிசீற், பிளீஸ்?" (பற்றுச்சீட்டுத் தருவீர்களா?)

முக்கியம்: வேலை அனுமதி இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு கலியாணப் படம் எடுப்பதும் வேலைதான். அது உங்கள் வழக்கைப் பாதிக்கலாம். முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். உங்கள் விருப்பத்துக்குப் படம் எடுக்கத் தடையில்லை.

அந்தத் தம்பி மறுநாள் போய் ரோச் அடித்துப் பார்த்தார். ஓரத்தில் நூல் நூலாய்ப் பூஞ்சணம். "வேண்டாம், தாங்க் யூ" என்று வைத்துவிட்டு வந்தார். 40 பவுண் மிச்சம்.