மூளையணுக்கள் ஏன் மடிகின்றன?



எய்ட்ஸ் என்றதும் உடல் மெலிவும் ஓயாத காய்ச்சலும் நம் நினைவுக்கு வரும். அந்நோய் மூளையையும் கெடுக்கும் என்பதைப் பலர் அறியார். தக்க மருந்து உண்ணாத நோயாளர் சிலருக்கு மறதி மிகுகிறது; சிந்தனையும் நடையும் தளர்கின்றன; எதிலும் நாட்டம் குன்றுகிறது. இதனை மருத்துவர்கள் எச்.ஐ.வி. டிமென்ஷியா என்பர்.

எச்.ஐ.வி. கிருமியைப் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தார் 1983-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இது இரத்தத்தின் வெள்ளையணுக்களில் குடிபுகும். மூளையிலுள்ள இரத்தக் குழாய்களின் சுவர், வேண்டாத பொருள்களை உள்ளே விடாது தடுக்கும். ஆயினும் வெள்ளையணுக்களுள் சில அதனைக் கடந்து செல்ல வல்லவை. அவற்றினுள் ஒளிந்தபடியே கிருமியும் மூளைக்குள் நுழைந்துவிடுகிறது.

அங்கே அது நரம்பணுக்களைப் பற்றுகிறதா? இல்லை என்பதே வியப்பு! மூளையைக் காவல் காக்கும் மைக்ரோகிளியா என்னும் அணுக்களையே பற்றுகிறது. அந்தக் காவலணுக்கள் நச்சுப் பொருள்களைக் கசியவிடுகின்றன. குளூட்டமேட் என்னும் பொருளும் மிகுதியாகச் சேர்கிறது. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப உதவுவது இதுவே. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ? குளூட்டமேட் மிகும்போது நரம்பணுவினுள் கால்சியம் வெள்ளமெனப் புகுகிறது. முதலில் அணுவின் கிளைகள் சுருங்குகின்றன. முடிவில் அணு தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. இத்தகைய அழிவுக்கு 1972-இல் அறிஞர்கள் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் இலை உதிர்தல் என்பது அதன் பொருள். மரத்தில் புதிய இலை துளிர்க்கும். மடிந்த நரம்பணுவோ மீள்வதில்லை.

எனவே காலந்தாழ்த்தாத மருத்துவமே காப்பு. 1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியது. அதன்பின் கடுமையான டிமென்ஷியா அரிதாயிற்று. சுருங்கியும் மடியாத அணுக்கள் ஓரளவு தேறுவதால், நோயாளர் பலர் தெளிவு பெறுகின்றனர். எனினும் இலேசான மறதி சிலரிடம் இன்றும் காணப்படுகிறது. நம் நாட்டில் அரசு 2004 முதல் இம்மருந்துகளை இலவசமாக அளித்து வருகிறது.

தோழியரே, இந்நோயால் மறதியுற்றவரைச் சோம்பேறி என்றோ பிடிவாதக்காரர் என்றோ ஏசலாமா? அவர் மனம் மாறவில்லை, மூளையணுக்களே நலிந்துள்ளன. தொடுவதாலும் உடன் உண்பதாலும் இந்நோய் பரவாது. ஆகவே அருகில் அமர்ந்து, வேளை தவறாமல் மருந்தை எடுத்துக் கொடுப்போம். அவருடைய நினைவைக் காக்க நம்மால் இயன்ற உதவி அதுவே.