உடை சொல்லும் செய்தி

ஒருவர் உடுத்தும் உடையைப் பார்த்தே பல செய்திகளைத் தெரிந்துகொள்ளலாம். அவர் எந்த ஊர்? திருமணம் ஆனவரா? வீட்டில் நல்ல காரியமா, துக்கமா? வாய் பேசாததை உடை பேசிவிடும். இதற்கு ஆர்மீனியா நாட்டு மக்களின் பழைய உடை ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

மலை நாடு

ஆர்மீனியா ஒரு சிறிய மலை நாடு. துருக்கி, ஈரான், ஜார்ஜியா, அசர்பைஜான் ஆகிய நாடுகள் அதைச் சுற்றி இருக்கின்றன. கடற்கரை கிடையாது. யெரெவான் அதன் தலைநகரம். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். ஆகவே மக்கள் கம்பளி உடை உடுத்தினார்கள். ஆடு வளர்ப்பது, கம்பளி நூற்பது, நெய்வது, சாயம் போடுவது எல்லாம் வீட்டிலேயே நடந்தன. இந்த மரபு உடைக்கு 'தராஸ்' என்று பெயர்.

பெண்கள் நீண்ட சட்டையும், அதற்குள் கால்சட்டையும் அணிந்தார்கள். மேலே ஒரு நீண்ட அங்கி. தலையில் துணிக்கட்டு. நெற்றியில் வெள்ளிக் காசுகளை வரிசையாகக் கோத்து அணிந்தார்கள். இடுப்பில் வெள்ளி ஒட்டியாணம். வான் என்ற நகரத்தின் வெள்ளி வேலை மிகவும் பெயர் பெற்றது. அந்த நகரம் இன்று துருக்கி நாட்டில் இருக்கிறது.

ஆண்கள் அகலமான கால்சட்டையும் நீண்ட மேலங்கியும் அணிந்தார்கள். கிழக்குப் பகுதியில் ஆட்டுத்தோல் தொப்பி வைத்தார்கள். தொப்பி ஆணின் மானத்துக்கு அடையாளம். காலில் கம்பளிக் காலுறையும் பதனிடாத தோலால் செய்த செருப்பும் அணிந்தார்கள்.

ஊருக்கு ஊர் உடை மாறியது. மேற்குப் பகுதிப் பெண்கள் அங்கியின் முன்னால் பூவேலை செய்த முன்துணி கட்டினார்கள். தென்கிழக்கில் சியூனிக் பகுதிப் பெண்கள் முன்துணி கட்டவில்லை. சந்தையில் ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் அவள் எந்தப் பக்கத்துப் பெண் என்று சொல்லிவிடுவார்கள்.

மண்ணுக்குள் கிடைத்த சிவப்பு

ஆர்மீனியர்களுக்கு மிகவும் பிடித்த நிறம் சிவப்பு. அது திருமணத்தின் நிறம். கெட்டதை விரட்டும் நிறம் என்றும் நம்பினார்கள். பச்சை, வசந்த காலத்தையும் இளமையையும் குறித்தது. கறுப்பு, முதுமையையும் துக்கத்தையும் குறித்தது. திருமணத்தில் பாதிரியார் சிவப்பும் பச்சையும் கலந்த கயிறு கட்டும் வழக்கமும் உண்டு.

இந்தச் சிவப்புச் சாயம் எங்கிருந்து கிடைத்தது? ஒரு சிறு பூச்சியிடமிருந்து! அராரத் சமவெளியில் உப்பு மண் நிலங்கள் உண்டு. அங்கே வளரும் புல்லின் வேரில் இந்தப் பூச்சி வாழ்கிறது. இலையுதிர் காலத்தில், விடியற்காலையில், பெண் பூச்சிகள் மண்ணுக்கு மேலே வரும். வெயில் ஏறுவதற்குள் அவற்றைப் பொறுக்க வேண்டும். பிறகு காயவைத்துப் பொடி செய்வார்கள். அந்தப் பொடியில் துணிக்கும் கம்பளத்துக்கும் சாயம் ஏற்றினார்கள். ஏட்டில் படம் வரையவும் அதைப் பயன்படுத்தினார்கள்.

தொழிற்சாலைச் சாயம் வந்த பிறகு இந்தத் தொழில் நின்றுபோனது. நிலத்தை உழுததால் பூச்சியும் குறைந்துவிட்டது. அதைக் காப்பாற்ற 1987-ல் ஒரு காப்பு நிலம் ஒதுக்கப்பட்டது.

பூவேலையின் பொருள்

கழுத்து, கைமுனை, கீழ் ஓரம் ஆகிய இடங்களில் பூவேலை செய்தார்கள். இது அழகுக்கு மட்டும் அல்ல. கெட்டது உடைக்குள் நுழையும் வழி இந்த ஓரங்கள்தான் என்று நம்பினார்கள். அதனால் அங்கே ஊசியால் காவல் போட்டார்கள். மாதுளை, பிள்ளைப் பேற்றையும் செழிப்பையும் குறிக்கும். மரம், வாழ்வைக் குறிக்கும். இந்த வேலையைத் தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

வாயை மூடிய துணி

உடையில் பெருமை இருந்தது. வேதனையும் இருந்தது.

பல ஊர்களில் புது மருமகள் மாமனார், மாமியார் முன்னால் பேசக் கூடாது. கிழக்குப் பகுதியில் அவள் வாயையும் ஒரு துணியால் மூடிக்கொண்டாள். தண்ணீர் வேண்டும் என்றாலும் கையால்தான் காட்ட வேண்டும். கணவனிடம் தனியாக இருக்கும்போது மட்டும் பேசலாம். சிறு பிள்ளைகளிடம் பேசலாம். முதல் குழந்தை பிறக்கும்வரை பலர் இப்படி இருந்தார்கள். சிலர் பல ஆண்டுகள் மாமனாரிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை.

பேச முடியாத பெண்கள் சும்மா இருக்கவில்லை. கை அசைவுகளையே ஒரு மொழியாக ஆக்கிக்கொண்டார்கள். அதற்கு 'மருமகள் மொழி' என்றே பெயர் வந்தது. 1920-ல் அங்கே சோவியத் ஆட்சி வந்தது. பெண்கள் பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். வாயை மூடிய துணி மெல்ல மெல்ல மறைந்தது.

ஊசி காத்த உயிர்

1915-ல் பெரும் கொடுமை நடந்தது. துருக்கியை ஆண்ட ஒட்டோமான் அரசு ஆர்மீனியர்களை ஊரைவிட்டு விரட்டியது. பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பாலைவனத்தில் பசியால் இறந்தார்கள். உயிர் தப்பியவர்கள் சிரியா, லெபனான் போன்ற நாடுகளுக்கு அகதிகளாகப் போனார்கள்.

வீடு போயிற்று. நிலம் போயிற்று. வெள்ளி ஒட்டியாணமும் போயிற்று. கைவேலை மட்டும் மிஞ்சியது. பெண்கள் பூவேலையும் ஊசிப் பின்னலும் செய்து விற்றார்கள். அதைக் கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். அனாதைச் சிறுமிகளுக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஊர்கள் அழிந்தன. ஆனால் அந்த ஊர்களின் பூவேலை அழியவில்லை. 'மராஷ் பூவேலை', 'ஐந்தாப் பூவேலை' என்று இன்றும் ஊர்ப் பெயர் சொல்லியே அவற்றை அழைக்கிறார்கள்.

சென்னையில் ஆர்மீனியர்

ஆர்மீனிய வணிகர்கள் முன்பே இந்தியாவுக்கு வந்தவர்கள். இங்கிருந்து பருத்தித் துணிகளை வாங்கிப் பிற நாடுகளில் விற்றார்கள். சென்னையில் அவர்கள் கட்டிய கோயில் இன்றும் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு அவர்களுடைய பெயரே வந்தது. தமிழில் அதை அரண்மனைக்காரன் தெரு என்கிறார்கள். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையும் 1794-ல் சென்னையில்தான் அச்சானது.

இன்று

ஆர்மீனியா 1991-ல் தனி நாடானது. மக்கள் இன்று நம் ஊர் நகரங்களில் இருப்பவர்களைப் போலச் சட்டையும் கால்சட்டையும் அணிகிறார்கள். விழாவிலும் நடனத்திலும் தராஸ் அணிகிறார்கள். சர்தாராபாத் என்ற ஊரில் 1978-ல் ஒரு பெரிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய உடைகளை அங்கே காணலாம். சிவப்புச் சட்டை இருக்கிறது. பூவேலை இருக்கிறது. வாயை மூடும் வழக்கம் மட்டும் இல்லை. நல்லதை வைத்துக்கொண்டு, தீயதை விட்டுவிட்டார்கள்.

சொற்பொருள்

மரபு – வழிவழியாக வரும் வழக்கம்
சமவெளி – மேடு பள்ளம் இல்லாத பரந்த நிலம்
முன்துணி – உடையின் முன்பக்கம் இடுப்பில் கட்டும் துணி
அகதி – சொந்த ஊரை இழந்து வேறு நாட்டில் தங்கியவர்

விடை எழுதுங்கள்

1. சிவப்புச் சாயத்தை எப்படித் தயாரித்தார்கள்?
2. உடையின் ஓரங்களில் ஏன் பூவேலை செய்தார்கள்?
3. 'மருமகள் மொழி' எப்படித் தோன்றியது?
4. 1915-க்குப் பிறகு ஊசி வேலை பெண்களுக்கு எப்படி உதவியது?

கலந்து பேசுங்கள்

உங்கள் பாட்டி காலத்து உடை எப்படி இருந்தது? அதில் எதைக் காப்பாற்ற வேண்டும்? எந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும்?