இறாலுக்குத் தடுப்பூசி போட முடியுமா?

கோழிக்குத் தடுப்பூசி உண்டு, மாட்டுக்கும் உண்டு. இறாலுக்கு மட்டும் ஏன் இல்லை? பண்ணை வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, சந்தையில் இறால் விலையைக் கேட்டுத் திகைக்கும் நாமும் கேட்கக்கூடிய கேள்விதான் இது.

இறால் வளர்ப்போரை அதிகம் அச்சுறுத்துவது வெண்புள்ளி நோய். 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தலைகாட்டிய அந்த வைரஸ் சில ஆண்டுகளில் ஆசியப் பண்ணைகளெங்கும் பரவியது. 1999இல் எக்குவடோரையும், 2016இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பண்ணைகளையும் எட்டியது. நோய் கண்ட இறால் தீனி எடுக்காது. சோர்ந்து கரையோரம் ஒதுங்கும். பலவற்றின் ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மூன்று முதல் பத்து நாள்களுக்குள் ஒரு குளமே காலியாகிவிடலாம். மனிதருக்கு இந்த வைரஸ் தொற்றாது என்பதால் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நட்டமெல்லாம் வளர்ப்பவருக்குத்தான்.

தடுப்பூசி நம் உடலில் என்ன செய்கிறது? கிருமியின் அடையாளத்தைக் காட்டி, அதற்கென்றே எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கக் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் உயிரணுக்களும் நம்மிடம் உள்ளன. இறாலின் உடலில் எதிர்ப்பொருள் என்ற ஏற்பாடே கிடையாது. அதன் இரத்தத்தில் சுற்றும் உயிரணுக்கள் பாக்டீரியாவை விழுங்கும், காயத்தை அடைக்கும். ஆனால் வைரஸ் உயிரணுவுக்கு உள்ளேயே புகுந்து பெருகுவது. அதனால் சண்டையும் ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயே நடந்தாக வேண்டும்.

அது எப்படி நடக்கிறது? உயிரணு தன் மரபணுக்களிலிருந்து புரதம் தயாரிப்பதற்கான செய்திகளை ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழையில் எழுதி அனுப்புகிறது. வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகிவிடும். நீளமான இரட்டை இழையைக் கண்டதும் உயிரணு உஷாராகிறது. டைசர் என்ற புரதம் அதை இருபத்துச் சொச்சம் எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோனாட் என்ற மற்றொரு புரதம் அதில் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வைரஸ் செய்திகளைத் தேடித் தேடி வெட்டுகிறது. தேடப்படும் ஆளின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றும் காவலரைப் போல! இந்த முறையை 1998இல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் கண்டறிந்து விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ இருவரும் 2006இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இறாலில் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் தென் கரோலினா ஆய்வாளர்கள். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை வெள்ளை இறாலுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். எந்த ஆர்.என்.ஏ.வாக இருந்தாலும் ஓரளவு பாதுகாப்புக் கிடைப்பது 2004இல் தெரிந்தது. வைரஸின் சொந்த வரிசையைக் கொண்டு செய்தால் பாதுகாப்பு இன்னும் வலுவாக இருப்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் ஏறக்குறைய 'முடியும்' என்பதே பதில்.

ஆனால் குளத்தில் இருப்பவை இலட்சக்கணக்கான இறால்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது யாரால் ஆகும்? தீனியில் கலந்து கொடுக்கலாம் என்றால், ஆர்.என்.ஏ. நீரிலும் குடலிலும் எளிதில் சிதைந்துவிடும். பாக்டீரியாவின் உடலுக்குள் அதைத் தயாரிக்கச் செய்து தீனியில் சேர்க்கும் சோதனைகள் நடந்துள்ளன. என்னைக் கேட்டால், உண்மையான தடை இந்த விநியோகச் சிக்கல்தான்.

வைரஸும் கைகட்டி நிற்பதில்லை. தொற்று கண்ட உயிரணு, தன்னைத் தானே அழித்துக்கொண்டு வைரஸ் பெருகும் இடத்தையே இல்லாமல் செய்ய முயலும். வெண்புள்ளி வைரஸ் அதைத் தடுக்கும் புரதத்தைக் கையோடு கொண்டு வருகிறது. இறாலின் எதிர்ப்பு வேலைகளை முடுக்கிவிடும் ஸ்டாட் என்ற புரதத்தைப் பிடித்து, தன் மரபணுக்களை இயக்கவும் பயன்படுத்திக்கொள்கிறது. வீட்டுக்காரர் சாவியாலேயே வீட்டைத் திறக்கும் திருடன்!

வெப்பமும் இதில் ஓர் ஆட்டக்காரர். சுமார் 32 டிகிரி செல்சியஸ் நீரில் வைக்கப்பட்ட வெள்ளை இறால்கள் வைரஸ் தொற்றியும் பெரும்பாலும் பிழைத்தன. 26 டிகிரி நீரில் இருந்தவை மடிந்தன. மழையில் குளம் குளிரும்போது பண்ணையாளர்கள் கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் சிலர் நாடும் ஆண்டிபயாட்டிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது.

இன்னொரு வியப்பும் உண்டு. வைரஸ் தொற்றியும் நோயின்றி வாழும் இறால்கள் இருக்கின்றனவே, எப்படி? தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழக ஆய்வாளர் திமொத்தி ஃபிளகல் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். வைரஸின் சிறு துண்டுகளை இறால் தன் மரபணுத் தொகுப்பிலேயே ஒட்டி வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து எழுதப்படும் ஆர்.என்.ஏ. டைசருக்கு எப்போதும் வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கருத்து. வெண்புள்ளி அல்லாத வேறொரு வைரஸின் துண்டுகள் புலி இறாலின் மரபணுவில் உண்மையிலேயே கிடைத்துள்ளன.

இதில் பண்ணையாளருக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. குஞ்சு வாங்கும்போது செய்யும் பி.சி.ஆர். சோதனை, மரபணுவில் ஒட்டியிருக்கும் அந்தப் பழைய துண்டைப் பார்த்தும் 'வைரஸ் இருக்கிறது' என்று காட்டக்கூடும். அதை நம்பி ஒதுக்கப்படும் குஞ்சுகளில், நோயைத் தாங்கும் வல்லமை உள்ளவையும் இருக்கலாம். அதனால் வைரஸின் ஒரே பகுதியைத் தேடாமல், வெவ்வேறு பகுதிகளைத் தேடும் சோதனைகளைச் சேர்த்துச் செய்வது நல்லது.