மாட்டுக்குப் போடும் ஊசி



"நான் ஒருவன் செய்வதால் உலகத்துக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்?" என்று சொல்லுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்குப் பதிலாக இந்த வாரம் ஒரு பறவையின் சரித்திரத்தைச் சொல்லுகிறோம். பசுவும் எருமையும் வளர்க்கும் குடும்பத்தார் இதை விசேஷமாய்க் கவனிக்க வேண்டும்.

பாறு என்றும் பிணந்தின்னிக் கழுகு என்றும் சொல்லப்படும் பறவையை உங்களில் வயதானவர்கள் பார்த்திருக்கலாம். செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால், அவை கூட்டமாய் இறங்கி, எலும்பு மாத்திரம் மிஞ்சும்படி தின்று தீர்க்கும். பார்வைக்கு அழகில்லாத பறவைதான். ஆனாலும் கூலி கேளாமல் ஊரைச் சுத்தம் செய்து வந்தது அதுவே.

இந்தப் பறவைகளுக்கு நேர்ந்தது என்ன? 1992-க்கும் 2007-க்கும் இடையில், இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயிற்று. முதலில் காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. 2004-ல்தான் உண்மை வெளியாயிற்று. டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்தே காரணம். இந்த ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்தால், மருந்து அதன் இறைச்சியில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், சில நாளில் உயிர் போகும்.

அப்படியானால் செத்த மாடுகளிலெல்லாம் இந்த மருந்து இருந்ததோ? இல்லை. நூறு மாடுகளில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இருந்தாலே இவ்வளவு அழிவுக்குப் போதும் என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். ஏனென்றால் ஒரே மாட்டைப் பல பறவைகள் கூடித் தின்னும். ஒரு பறவை வருஷம் முழுவதும் பல இடங்களில் தின்னும். பாறு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். ஆகையால் இழந்ததை ஈடுசெய்ய அதனால் முடியவில்லை.

பாறு போனபின், செத்த மாடுகள் வெளியில் கிடந்து அழுகின. அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின. பாறு அழிந்ததனால் 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் மனிதர் அதிகமாய் இறந்தார்கள் என்று 2024-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிடுகிறது. பறவைக்கு வந்த கேடு மனிதனையும் தொடாமல் விடவில்லை.

மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை அரசாங்கம் 2006-ல் தடை செய்தது. மனிதருக்கான பெரிய ஊசி மருந்துப் புட்டிகளை மாடுகளுக்குப் பயன்படுத்தினபடியால், 2015-ல் அந்தப் புட்டிகளும் 3 மில்லி அளவுக்குக் குறைக்கப்பட்டன. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்னும் மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. நம் தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டி வாழ்கின்றன. அவை பிழைப்பது சட்டத்தை மாத்திரம் பொறுத்ததல்ல. நம் தொழுவத்தையும் பொறுத்தது.

ஆகையால் நீங்கள் செய்யவேண்டியவை இவை:

முதலாவது, மாட்டுக்கு நோவு கண்டால் கால்நடை மருத்துவரையே அழையுங்கள். மருந்துக் கடையில் நீங்களாக ஊசி வாங்க வேண்டாம். மெலோக்சிகாம் என்னும் மருந்து பாறுக்குக் கேடு செய்யாது. அது தகுமா என்று அவரைக் கேளுங்கள்.

இரண்டாவது, வீட்டில் மனிதருக்கு வாங்கி மிஞ்சின வலி மருந்தை மாட்டுக்குக் கொடாதீர்கள்.

மூன்றாவது, வலி ஊசி போட்ட மாடு சில நாளில் இறந்துபோனால், அதை வெளியில் எறியாமல் ஆழமாய்க் குழி வெட்டிப் புதையுங்கள்.

நான்காவது, நாயையோ காட்டு மிருகத்தையோ கொல்லும்படி செத்த மாட்டில் விஷம் வைக்காதீர்கள். அது பாறையும் கொல்லும்.

இவையெல்லாம் அற்ப காரியங்களாய்த் தோன்றலாம். ஆனால் சிருஷ்டிகளைக் காக்க நாள்தோறும் செய்யும் சிறு செயல்கள் வீண்போவதில்லை என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய 'லௌதாத்தோ சி' என்னும் நிருபத்தில் போதித்திருக்கிறார். நூற்றில் ஒரு மாட்டினால் அழிவு வந்ததானால், அந்த ஒரு மாடு நம் வீட்டு மாடாய் இராதபடி பார்ப்பது சிறிய காரியமாகுமா? இனி மாட்டுக்கு ஊசி போட வருகிறவரிடம், "ஐயா, இது என்ன மருந்து?" என்று தவறாமல் கேளுங்கள்.