போக ஒரு நேரம், திரும்ப ஒரு நேரம்

ஜப்பானின் டோக்கியோவிலிருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விமானம் சுமார் 10 மணி நேரத்தில் போய்ச் சேருகிறது. திரும்பி வர 11½ மணி நேரம், சில நாட்களில் அதற்கு மேலும் ஆகிறது. ஏன்?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். உங்கள் பள்ளியிலுள்ள பூகோள உருண்டையில் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இறுக்கி இணையுங்கள். இரண்டும் ஏறத்தாழ 35 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் நூல் அந்தக் கோட்டின் மீது படியாது. நடுவழியில் 48 பாகை வரை வடக்கே ஏறிப் பிறகு இறங்கும். இதுவே பெருவட்டப் பாதை. நீளம் சுமார் 8,800 கி.மீ. அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே போனால் 9,300 கி.மீ. ஆகிவிடும்.

சரி, நேரம் ஏன் வேறுபடுகிறது? வகுப்பில் கேட்டால், "பூமி சுழல்வதால்தான், ஐயா!" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். பூமி சுழல்வது கிழக்கு நோக்கி. அப்படியானால் கிழக்கே பறக்கும் விமானத்தை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் விலகியல்லவா ஓட வேண்டும்? போகத்தானே அதிக நேரம் ஆக வேண்டும்? உண்மையில் பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. இல்லாவிட்டால், டோக்கியோவுக்கு மேலே ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டருக்குக் கீழே மஞ்சள் கடல் வந்துவிடும்! அந்த அட்சரேகையில் தரையின் வேகம் மணிக்குச் சுமார் 1,370 கி.மீ.

விடை, உயரே வீசும் காற்றில் இருக்கிறது. வெப்ப மண்டலத்திலிருந்து வடக்கே செல்லும் காற்று, பூமியின் சுழற்சியால் கிழக்கே திரும்புகிறது. சுமார் 10 கி.மீ. உயரத்தில் அது ஆறுபோல ஓடுகிறது. இதுதான் ஜெட் காற்றோட்டம். ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். முடிவுகளை 1926-ல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். பாவம், படித்தவர் வெகு சிலரே! 1952-ல் ஒரு பான் அம் விமானம் இக்காற்றில் ஏறிக்கொண்டு, டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்கு 18 மணி நேரப் பயணத்தை 11½ மணி நேரத்தில் முடித்தது.

போகும்போது கிடைக்கும் லாபமும் திரும்பும்போது வரும் நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிடுமா? கணக்குப் போடுவோம். காற்றைப் பொறுத்து விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் சராசரி வேகம் 100 கி.மீ. என்று கொள்வோம். போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 1,000. நேரம் 8 மணி 48 நிமிடம். திரும்பும்போது வேகம் 800. நேரம் 11 மணி. மொத்தம் 19 மணி 48 நிமிடம். காற்றே இல்லையென்றால் போகவர 19 மணி 33 நிமிடம் போதும். ஆக, 15 நிமிடம் நஷ்டம்! எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது. அதனால்தான் கணக்கு நேர்படுவதில்லை. அந்த 15 நிமிடத்துக்கும் எரிபொருள் வேண்டுமே! ஆகவே திரும்பும் விமானங்கள், தூரம் சற்றுக் கூடினாலும், ஜெட் காற்றோட்டத்தை விட்டு விலகிப் பறப்பதுண்டு. (ஓடுதளத்தில் உருளும் நேரம், மேலேறி இறங்கும் நேரம் இவற்றை நம் கணக்கில் சேர்க்கவில்லை.)

காற்றின் வேகம் 200 கி.மீ. ஆனால் நஷ்டமும் இரண்டு மடங்குதானா? நீங்களே போட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வந்தது.